குழாய் பெய்த மழை

இந்தக் கதைக்குள் ஒரு சிரிப்பு இருக்கிறது. சத்தியமாக இருக்கிறது. ஆனால் அது கடைசிப் படியில்தான் உட்கார்ந்திருக்கிறது. அதற்குள் பல்லைக் காட்டுகிறவர்களுக்குக் கதை பாதியிலேயே நின்றுவிடும். ஆகவே வாயை மூடிக்கொண்டு பின்னாலேயே வரவும்.

ஒரு காலத்தில் அணைக்கட்டுக்குக் கீழே ஒரு மீன்குஞ்சுப் பண்ணை இருந்தது. அங்கே வட்டமாக ஒரு சிமெண்டுத் தொட்டி. தொட்டிக்கு மேலே குறுக்காக ஒரு ஷவர் குழாய். உடம்பெல்லாம் ஊசித்துளை. திறந்துவிட்டால் பூத்தூறலாகப் பெய்வான். பெயர் பீச்சான்.

பீச்சானுக்குச் சொந்தக் குரல் என்று ஒன்று கிடையாது. அதனால் கண்டவர்கள் குரலையெல்லாம் எடுத்துக்கொள்வான். பண்ணை உதவியாள் மயில்சாமியின் பைக் ஸ்டார்ட் ஆகாமல் இருமுகிற மாதிரி இருமுவான். மயில்சாமி பதறிக்கொண்டு வாசலுக்கு ஓடுவான். மீன்களுக்குப் பொறுப்பான சரசக்காவின் டிபன் டப்பா திறக்கிற சத்தத்தைப் போடுவான். காக்காய்கள் கூட்டமாக இறங்கி, ஏமாந்து, அவன் தலையிலேயே எச்சமிட்டுவிட்டுப் போகும். பெரிய அதிகாரியின் செருப்புச் சத்தத்தைப் போட்டால் பண்ணையே எழுந்து நிற்கும். இப்படி ஆளாளுக்கு ஒரு குல்லாய் போட்டுவிட்டுத் தனக்குள் குபுகுபுவென்று சிரித்துக்கொள்வதில் அவனுக்குப் பொழுது போவதே தெரியாது.

ஆனி மாதம். வானம் மூடிக்கிடந்த ஒரு நண்பகல். சரசக்கா குளத்திலிருந்து ஒரு ரோகு மீனைக் கைவலையில் ஏந்திக்கொண்டு வந்தாள். நாலு கிலோ இருக்கும். வயிறு மெத்தென்று பருத்திருந்தது. ஈரத்துணியால் அதன் தலையை மூடினாள்.

"சும்மா இரு கண்ணு. எறும்பு கடிச்ச மாதிரித்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே வால்பக்கச் சதையில் முட்டையிடத் தூண்டும் ஊசி ஒன்று போட்டாள். இரண்டு ஆண் ரோகுகளுக்கும் ஆளுக்கு ஒன்று. மூன்றும் தொட்டிக்குள் போயின.

"மயிலு, தண்ணியச் சுத்த விடு. மேல் குழாயையும் தொறந்துரு."

"ஆகட்டுங்க்கா."

வால்வு திரும்பியது. பீச்சான் பெய்யத் தொடங்கினான்.

இனி மீனுக்கு உள்ளே போகலாம். அதன் தலைக்குள், மூளைக்கு நேர் அடியில், மிளகளவு ஒரு சுரப்பி குடியிருந்தாள். வயிற்றிலிருந்த எட்டு லட்சம் முட்டைகளும் அவளை மிளகு அத்தை, அதாவது மிளகத்தை என்றுதான் கூப்பிடும். முட்டைப்பையின் வாசல் அவள் பொறுப்பு. அவளிடமிருந்து ஒரு சொட்டு இரத்தத்தில் இறங்கினால்தான் அந்த வாசல் திறக்கும்.

ஆனால் அவள் நினைத்தபோதெல்லாம் சொட்ட முடியாது. மேலே, மூளையின் மேல்வீட்டிலிருந்து ஒரு சீட்டு வரவேண்டும். மேல்வீடு சும்மா எழுதிவிடுமா? பகல் நீள வேண்டும், தண்ணீர் குளிர வேண்டும், மழை அடிக்க வேண்டும், ஆறு புரண்டு வர வேண்டும். நாலும் கூடினால்தான் சீட்டு.

"அத்தே! கதவத் திற அத்தே!"

வாசலை முட்டிக்கொண்டிருந்தது ஒரு முட்டை. எப்போதும் எல்லாரையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து நிற்பதால் அதற்கு முந்திரிக்கொட்டை என்று பெயர்.

"சும்மா கிட. சீட்டு வரலை."

"பழுத்துட்டோம் அத்தே. இதுக்கு மேல பழுத்தா அழுகிடுவோம்."

அந்த நேரம் பார்த்து ஒரு சீட்டு வந்தது. ஊசி கொண்டுவந்த சீட்டு. மிளகத்தை வாங்கிப் பார்த்தாள். அச்சு அசல் மேல்வீட்டுக் கையெழுத்து. ஆனாலும் அவள் நெற்றி சுருங்கியது.

"மேலேருந்து இறங்கி வர வேண்டிய சீட்டு, வால்பக்கமா ஏறி வருதே?"

"எந்தப் பக்கமா வந்தா என்ன அத்தே? சீட்டு சீட்டுதானே?"

"வாயை மூடு. விசாரிக்காம நான் எதையும் செய்யறதில்லை." தண்ணீரில் எது பேசினாலும் மீனின் தோல் வழியாக அவளுக்குக் கேட்கும், அவள் பேசுவதும் தண்ணீருக்குக் கேட்கும். குரலை உயர்த்தினாள். "வெளியே யாரு? மழையா?"

பீச்சானுக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி இருந்தது. ஆயுசில் எத்தனையோ பேரை ஏமாற்றியிருக்கிறான். தானாக வந்து தலையை நீட்டிய ஆள் இவள்தான். தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"ஆமா, மழைதான்."

"எந்த மழை?"

"தென்மேற்கு."

"தென்மேற்கா? ரொம்ப சன்னமாப் பெய்யறியே."

"இப்பத்தானே மலையேறி இறங்கி வந்திருக்கேன்? மூச்சு வாங்க வேண்டாமா?"

"இடியக் காணோம்?"

பீச்சான் காற்றை உள்ளே இழுத்துத் தன் வயிற்றுக்குள் குடுகுடுவென்று உருட்டினான்.

"இதா இடி? யாரோ அண்டாவ உருட்டற மாதிரி இருக்கு."

"இது குட்டி இடி. அம்மா இடி பின்னால வருது."

முட்டைகள் கிளுகிளுத்தன. (உங்களுக்கும் லேசாக வந்திருக்கலாம். நான் சொன்ன சிரிப்பு இது இல்லை. பொறுங்கள்.)

"சரி, ஆறு எங்கே?"

பீச்சான் சட்டென்று குரலை மாற்றினான். இழுத்து இழுத்து, ஈரமாக, பெண்குரலில் பேசினான். "இதோ வந்துட்டேன்மா. ஓடிக்கிட்டுத்தானே இருக்கேன், தெரியலையா?"

"ஓடறது தெரியுது. ஆனா இந்தச் சுவத்த நாலாவது தடவையாப் பார்க்கறேனே?"

"வளைவும்மா. ஆறுன்னா வளையாதா?"

"நாலு வளைவுலயும் ஒரே இடத்துல, ஒரே மாதிரி பாசி படிஞ்சிருக்கு."

"என் கரையெல்லாம் அக்கா தங்கச்சிங்க. சாடை ஒண்ணாத்தான் இருக்கும்."

முந்திரிக்கொட்டை பொறுமை இழந்தது. "அத்தே, நீ ஆத்துக்கிட்ட ஜாதகம் கேட்டு முடிக்கறதுக்குள்ள நாங்க கெழடாயிடுவோம்!"

பீச்சானுக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்து முட்டியது. இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும், சிரித்துவிடலாம் என்று அடக்கிக்கொண்டான்.

மிளகத்தை கேட்கவில்லை. பிறகு வந்த குரல் வேறாக இருந்தது.

"மழையே, நான் விளையாட்டுக்குக் கேக்கலை. போன ஆனியிலயும் இப்படித்தான் வயிறு நெறைய பழுத்து நின்னுச்சுங்க. ஆடி போச்சு. ஆவணி போச்சு. குளத்துக்குள்ள ஆறு எங்கேருந்து வரும்? சீட்டு வரவேயில்லை. ஒவ்வொண்ணா வெளுத்துச்சு. உடம்பே திரும்ப உறிஞ்சிக்கிச்சு. அத்தே, அத்தேன்னு கூப்பிட்டுக்கிட்டே கரைஞ்சுதுங்க. நான் சாவியக் கையில வெச்சுக்கிட்டுக் கேட்டுக்கிட்டே உக்காந்திருந்தேன்."

முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. முந்திரிக்கொட்டைகூட வாசலைவிட்டு ஓரடி பின்னால் போயிற்று.

"மறுபடியும் அதைக் கேக்க எனக்குத் தெம்பில்லை. அதுக்காக அவசரப்பட்டுத் திறந்து, வெளியே தண்ணி ஓடலைன்னா? தரையில படிஞ்சு, சேத்துல மூச்சு முட்டிச் செத்துடுங்க. அதனால ஒண்ணே ஒண்ணு சொல்லிடு. நான் திறந்தா இதுங்க பிழைக்குமா?"

பீச்சானின் தொண்டையில் முட்டிக்கொண்டிருந்த சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. இதற்கு எந்தக் குரலில் பதில் சொல்வது? மழைக்குரலிலா? ஆற்றுக்குரலிலா? அவன் கீழே பார்த்தான். தொட்டித் தண்ணீர் குளிர்ந்து, ஒரே சீராகச் சுழன்றுகொண்டிருந்தது. ஒரு துரும்புகூடத் தரை தட்டவில்லை. பக்கத்தில் குஞ்சு பொரிக்கிற தொட்டியைத் தேய்த்துக் கழுவி வைத்திருந்தார்கள். கரையில் சரசக்கா சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே குத்துக்காலிட்டு உட்கார்ந்து மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிழைக்கும்" என்றான். "தண்ணி நிக்காது. எதையும் படிய விடாது. பக்கத்துல உக்காந்து பார்த்துக்க ஆள் இருக்கு. இதுல பொய் இல்லை."

எந்தக் குரலில் சொன்னோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

மேலே சரசக்கா சொன்னாள்: "மயிலு, இன்னும் கொஞ்சம் வேகமாத் தொறந்து விடு. மீனு யோசிக்குது."

வால்வு இன்னும் அரைச்சுற்று திரும்பியது. பீச்சான் தன்னிடம் இருந்ததையெல்லாம் கொட்டினான். இனிக்கும்படி பெய்தான். மலையைத் தாண்டி வந்தவனைப்போலப் பெய்தான். டிபன் டப்பாக் குரலையும் பைக் இருமலையும் செருப்புச் சத்தத்தையும் சேர்த்துக் குழைத்து ஒரு இடி இடித்தான். இந்த முறை இடி நன்றாகவே இருந்தது.

மிளகத்தை கண்ணை மூடிக்கொண்டாள். சொட்டை விட்டாள்.

சொட்டு இரத்தத்தில் இறங்கி, ஊர்ந்து, வாசலுக்குப் போய்ச் சேர்ந்து, வாசல் இளகுவதற்குச் சாயங்காலமாகிவிட்டது. அதுவரை பீச்சான் ஒரு நொடிகூட நிற்கவில்லை. பிறகு தொட்டி அல்லோலகல்லோலப்பட்டது. ஆண் ரோகுகள் இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாக ஒட்டிக்கொண்டு வர, தாய்மீன் சுழன்றது, புரண்டது, வாலால் தண்ணீரை அறைந்தது. வாசலில் முதலில் வந்தது யார் என்று சொல்லவே வேண்டாம்.

"அத்தே, வரேன்!" என்று கத்திக்கொண்டே போனது முந்திரிக்கொட்டை. அதன் பின்னால் எட்டு லட்சம்.

சரசக்கா ஒரு கை அள்ளிப் பார்த்தாள். வேகவைத்த ஜவ்வரிசிபோல ஒவ்வொன்றும் உப்பி, கண்ணாடியாகத் தெளிந்திருந்தது.

"ஒண்ணுகூட வெளுக்கல மயிலு! எல்லாம் உசுரு!" அவள் குரல் உடைந்தது. அதை மறைக்க அதட்டினாள். "பார்த்துக்கிட்டு நிக்காத. மேல் குழாய நிறுத்து."

கிறீச்.

மழை நின்றது. நிஜ மழைபோலச் சாரலாகக் குறைந்து, தூறலாக மெலிந்து, போகிற போக்கில் நாலு துளி உதறிவிட்டுப் போகவில்லை. நறுக்கென்று நின்றது.

"மழையே?" என்றாள் மிளகத்தை.

பீச்சானுக்குள் தண்ணீரும் இல்லை, குரலும் இல்லை. மழைக்குரலைத் தேடினான், ஆற்றுக்குரலைத் தேடினான், ஒன்றும் அகப்படவில்லை.

"ஏன் மழையே, நிக்கறப்போ கிறீச்சுங்குமா?"

கடைசித் துளையில் தொங்கிக்கொண்டிருந்த ஒரே ஒரு துளி அவனை மீறி விழுந்தது.

சொட்.

அவ்வளவுதான் அவனுடைய குரல். அவனே இதுவரை கேட்டதில்லை.

மிளகத்தை அந்தச் சத்தத்தைக் கேட்டாள். அண்டா இடியை நினைத்தாள். சாடை மாறாத கரைகளை நினைத்தாள். வால்பக்கமாக ஏறி வந்த சீட்டை எடுத்து இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தாள்.

"அட… குழாயா நீ?"

சிரித்தாள். மிளகளவு உடம்பு குலுங்கினால் என்ன பெரிய சத்தம் வந்துவிடும்? ஆனால் மீன் முழுவதும் குலுங்கியது. தண்ணீர் வளையம் வளையமாக விரிந்து சுவரில் மோதியது. முட்டை போட்ட மீன் சோர்ந்துதானே கிடக்கும், இது எதற்கு இப்படித் துள்ளுகிறது என்று மயில்சாமி எட்டிப் பார்த்தான். மாட்டிக்கொண்ட பீச்சானும் வெறும் காற்றை வைத்துக்கொண்டு அவளோடு சேர்ந்து சிரிக்கப் பார்த்தான்.

அவள் சிரிப்பு ஓயக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஓய்ந்த பிறகு கேட்டாள்:

"போன வருசம் எங்கடா போயிருந்தே?"