வெளுத்த சிவப்பு

குருவுக்கு வயது பதினாறு. சீடருக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. குருவின் பெயர் ஜெனிட்டா. சீடர் அவளுடைய தாய்மாமா சூசை.

பாடம் ஒரு குட்டிக் கணினி. உள்ளங்கையில் அடங்கும். அதன் தலையில் செருகிய பலகையில் வண்ண எல்.இ.டி. விளக்குகள். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்களைக் கொடுத்தால் கேட்ட நிறத்தில் எரியும். மாமா அதை ஒரு காகித நட்சத்திரத்துக்குள் வைத்திருந்தார்.

"குருவே, அந்த நிறம் மட்டும் வரமாட்டேங்கு."

"எந்த நிறம்?"

"எங்கப்பா கட்டுன ஸ்டாரு. வருசா வருசம் அதே சிவப்புத் தாளுதான். கடல்காத்துல வெளுத்து வெளுத்து, சிவப்பும் இல்ல, ரோசும் இல்ல. உங்கம்மா அதுக்குக் கீழதான் பாய விரிப்பா. என்னையும் பக்கத்துல இழுத்துப் போட்டுக்குவா."

வீட்டுப் பங்கில் வந்த சண்டை. அக்காவும் தம்பியும் பேசிப் பல வருடம் ஆகிறது. நாளை கிறிஸ்துமஸுக்கு வருவதாக அக்கா சொல்லியனுப்பியிருந்தாள். வாசல் வரைக்கும்தான் என்றும் சொல்லியிருந்தாள்.

"வாசல்ல நின்னு அந்த நிறத்த ஒரு தடவ பாத்துட்டான்னா, உள்ள வந்துருவா."

மாமா கீபோர்டில் எண்களை மாற்றினார். நட்சத்திரம் சிவந்தது.

"ஏல சூசை, என்னல இது, கருவாட்டுக் கடை பல்பா?"

அக்காவின் குரல். மாமா பதறி எழுந்து வேட்டியை இறக்கிவிட்டார். வாசலில் யாருமில்லை. அம்மாவின் குரலில் பேசிக் காட்டிய குரு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பில் குலுங்கினாள்.

"அடி கழுத!" மாமாவும் சிரித்தார். பிறகு மெதுவாக, "இன்னொரு தடவ கூப்பிடு" என்றார்.

அவள் கூப்பிடவில்லை. கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, மூன்று எண்களையும் அழித்தாள். அந்த இடத்தில் வேறு ஒரு வரியை அடித்தாள். நட்சத்திரம் அணைந்தது.

"ஏ பிள்ள, என்ன செஞ்ச? அவ வரும்போது எரிய வேண்டாமா?"

"எரியாது மாமா."

"இருட்டாவா கெடக்கும்?"

"ஆமா. என்ன நிறம்னு கேட்டுக்கிட்டுக் கெடக்கும். அம்மா வந்து அந்த நிறத்துக்கு எண்ண அடிச்சாத்தான் எரியும். கீபோர்டு ஒயரு வாசல் வரைக்கும் எட்டாது."