சைக்கிளுக்கு ஒன்றும் ஆகவில்லை

"கோச், இது தாங்குமுங்களா?"

சென்னியப்பன் ஒற்றைக் கையாலேயே சைக்கிளைக் காரிலிருந்து இறக்கியபடி கேட்டார். இடது கையை வயிற்றோடு ஒட்டி வைத்திருந்தார். லேசான சுளுக்குதான், தைலம் தேய்த்தாயிற்று என்று அதை நேற்றே மறந்துவிட்டார்.

வயது ஐம்பதைத் தாண்டியாச்சு. ஊருக்கே புத்தி சொல்கிற மனுஷர். சைக்கிள் பயிற்சி தரும் தமயந்திக்கு அவர் மகள் வயதுகூட இருக்காது. ஆனால் அவள் முன்னால் மட்டும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி நிற்பார்.

"என்ன ஆச்சுங்கண்ணா?"

"மருதமலை வளைவுல நேத்து மணல்ல சறுக்கி விழுந்துட்டனுங்க. ஞாயித்துக்கிழமை கோத்தகிரி போறமில்ல? எறக்கத்துல இது ரெண்டாப் போச்சுன்னா?"

"ஒரு கீறல்கூட இல்லியே."

"அதானுங்க பயமே! இரும்புன்னா நெளியும், கண்ணுக்குத் தெரியும். இந்தப் பாழாப்போன கார்பன் மேல பளபளன்னு இருந்துக்கிட்டு உள்ளுக்குள்ள விரிசல் விட்டிருக்குமாமே."

கோத்தகிரி ஏறிவிட வேண்டும் என்று ஒரு வருஷமாக உயிரை விட்டுக்கொண்டிருக்கிறார், பாவம்.

தமயந்தி ஐந்து ரூபாய்க் காசு ஒன்றை எடுத்து ப்ரேமைத் தட்டினாள். டிக். டிக். டிக்.

"அடிபட்ட எடத்துல சத்தம் மொத்தையாக் கேக்கும். கேளுங்க."

சென்னியப்பன் மூச்சு விடாமல் கேட்டார். டிக். டிக். சக்கரங்களின் விளிம்பையும் சுற்றிச் சுற்றித் தட்டினாள். எங்கும் ஒரே சத்தம்.

"ரெண்டு சக்கரமும் ப்ரேமும் கல்லு மாதிரி இருக்குதுங்க."

"அப்பாடா!" அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. சைக்கிளின் கழுத்தைத் தடவிக் கொடுத்தார்.

"விழுந்து எந்திரிச்சதும் மொதல்ல எதைப் பாத்தீங்க?"

"ப்ரேமைத்தானுங்க."

"அப்புறம்?"

"வீலு."

"அப்புறம்?"

நன்றாக யோசித்தார். "செயின்."

தமயந்தி அவரையே பார்த்தாள். கோபமா பாசமா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. சைக்கிள் பைத்தியங்கள் இருக்கிறார்களே, எல்லாம் ஒரே ஜாதி!

கையிலிருந்த காசால் அவருடைய இடது தோள்பட்டைக்கு மேலே, காறை எலும்பில், மெல்ல ஒரு தட்டுத் தட்டினாள்.

"ஐயோ! அம்மா!"

அலறிய அலறலில் பக்கத்து டீக்கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார். சென்னியப்பனுக்கு வியர்த்து ஊற்றியது.

"நேத்திருந்து இப்படியேவா இருக்கீங்க? ஒத்தக் கையில காரை வேற ஓட்டிட்டு வந்தீங்களா? உங்களுக்கு ஒண்ணுன்னா வீட்ல அக்காவுக்கு நான் என்னங்க பதில் சொல்றது?" அவள் கையை நீட்டினாள். "சாவியக் கொடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

சாவியைக் கொடுத்தார். காரில் ஏறி உட்கார்ந்தார். கேட்காமல் இருந்து பார்த்தார், முடியவில்லை.

"கோச், அப்ப ஞாயித்துக்கிழமை?"

தமயந்தி வண்டியைக் கிளப்பினாள்.

"சைக்கிள் தாராளமாப் போகலாமுங்கண்ணா."