இலுப்பை மரத்துக் கதண்டுகள்

ஏரிக்கரை இலுப்பை மரத்தடியில் ஒரு பள்ளி இருந்தது. ஆட்காட்டிக் குருவிதான் அங்கே டீச்சர். முயல் குட்டிகள், கீரிக் குட்டிகள், அணில் பிள்ளைகள், கவுதாரிக் குஞ்சுகள் என்று இருபத்துமூன்று பேர் படித்தார்கள்.

ஆட்காட்டிக்கு ஓரிடத்தில் நிற்கத் தெரியாது. பாடம் சொல்லும்போதும் கரைமேட்டில் இப்படியும் அப்படியும் நடந்துகொண்டே இருக்கும். ஒரு கண் பிள்ளைகள் மேல், ஒரு கண் புல்வெளி மேல்.

தினமும் முதல் பாடம் ஒன்றேதான்.

"நான் கத்தினா என்ன செய்யணும்?"

"ஓடி ஒளியணும், டீச்சர்!"

"ஏன்னு எப்போ கேட்கணும்?"

"ஒளிஞ்சப்புறம், டீச்சர்!"

உடனே ஆட்காட்டி கத்தும். கண்ணை மூடித் திறப்பதற்குள் மரத்தடி காலியாகிவிடும். முயல் புதருக்குள், கீரி வளைக்குள், அணில் கிளைமேல். எல்லோருக்கும் முந்தி மறைவது பொறி என்ற கவுதாரிக் குஞ்சுதான். "நான்தான் ஃபர்ஸ்ட்!" என்று புல்லுக்குள்ளிருந்து அதன் குரல் மட்டும் வரும்.

ஒருநாள் ஓடைக்கு அப்பால் இருந்த பள்ளியில் காட்டுப்பூனை புகுந்து இரண்டு முயல் குட்டிகளைத் தூக்கிப் போய்விட்டது. காடே கலங்கியது. மறுநாள் சபை கூடியது.

சபைத் தலைவரான மயில் எழுந்தது. "இனி ஒவ்வொரு பள்ளி வாசலிலும் ஒரு கதண்டுக் குளவிக் கூடு! நூறு கொடுக்கு காவல் இருக்கும் இடத்துக்கு எந்தப் பூனை வரும்?"

"சபாஷ்!" என்று காடு அதிர்ந்தது.

ஆட்காட்டி பரபரவென்று முன்னால் வந்தது. "ஐயா, பூனை எது, பிள்ளை எதுன்னு கதண்டுக்குத் தெரியுமா?"

"டீச்சரம்மா, நீங்க கத்துவீங்க. அது கொட்டும். எது பெரிசு?"

சபை சிரித்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்த முயல்தாய் மட்டும் சிரிக்கவில்லை. அது ஆட்காட்டியிடம் வந்து, "டீச்சர், அங்கே ஒரு கொடுக்கு இருந்திருந்தா என் பிள்ளைங்க இருந்திருக்கும்ல?" என்று கேட்டது.

அந்தக் காட்டில் வாலைத் தூக்கினால் சம்மதம் என்று பொருள். எல்லா வால்களும் உயர்ந்தன. முயல்தாயின் கண்களைப் பார்க்க முடியாமல் ஆட்காட்டியும் தன் குட்டை வாலைத் தூக்கியது. சட்டம் நிறைவேறியது.

மறுவாரமே இலுப்பையின் தாழ்ந்த கிளையில் கூடு தொங்கியது. தலைமைக் கதண்டு மிடுக்காகச் சொன்னது: "எங்க கண்ணுக்கு முன்னால யாரும் ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது. அசைஞ்சா கொட்டுவோம். யாருன்னு பார்த்துக்கிட்டு இருக்க நேரமில்லை!"

அன்றைக்கே ஓர் அணில் மறந்துபோய்க் கிளைக்குத் தாவியது. அதன் முகம் இலுப்பைப் பழம்போல் வீங்கியது.

ஆட்காட்டி மயிலிடம் ஓடியது. "கூட்டை எடுத்துடுங்க, ஐயா!"

"புதுசுல அப்படித்தான் இருக்கும். போகப் போகப் பழகிடும்!"

பழகத்தான் செய்தது. முதல் பாடம் நின்றுபோனது. பிள்ளைகள் அசையாமல் உட்காரக் கற்றுக்கொண்டார்கள். மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் விரட்டவில்லை. "என்ன ஒழுக்கம்!" என்று பெற்றோர் மெச்சினார்கள். ஆட்காட்டிக்கு மட்டும் இரை இறங்கவில்லை. மேட்டில் முன்னைவிட வேகமாக நடந்தது. நடந்த இடத்தில் புல்லே செத்துவிட்டது.

காட்டுப்பூனை இதையெல்லாம் புதரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு நண்பகலில் அது வந்தது. ஓடி வரவில்லை. வயிறு தரையைத் தொட, அங்குலம் அங்குலமாக நகர்ந்து கூட்டுக்கு அடியிலேயே நுழைந்தது.

"தலைவரே, பூனை மாதிரி இருக்கே?" என்றது ஒரு கதண்டு.

"ஓடுதா?"

"இல்லை."

"குதிக்குதா?"

"இல்லை."

"அப்போ நமக்கென்ன?"

மேட்டிலிருந்த ஆட்காட்டி பார்த்துவிட்டது. உயிரே போகும்படி கத்தியது.

ஒரு பிள்ளையும் ஓடவில்லை. இருபத்துமூன்று பேரும் தலையைத் தூக்கிக் கூட்டைப் பார்த்தார்கள்.

ஆட்காட்டி அப்படியே அம்புபோல் பாய்ந்தது. கூட்டில் சிறகால் ஓங்கி அடித்தது. கதண்டுகள் புகைபோல் கிளம்பின. அவற்றை இழுத்துக்கொண்டு நேராகப் பூனையின் முதுகில் போய் மோதியது. "ஓடுங்கடா! ஓடுங்க!"

பொறிதான் முதலில் எழுந்தது. ஏன் என்று கேட்கவில்லை. பழைய நாள்போலவே புல்லை நோக்கிப் பறந்தோடியது. அதைப் பார்த்து மற்றவர்களும் சிதறினார்கள். மூக்கில் கொட்டு வாங்கிய பூனை அலறிக்கொண்டு காட்டைவிட்டே ஓடியது.

நெடுநேரம் கழித்து ஆட்காட்டி புல்வெளியில் தேடித் தேடி நடந்தது. அதன் ஒரு கண் வீங்கி மூடிவிட்டது. இருபத்திரண்டு பேர் கிடைத்தார்கள். "நான்தான் ஃபர்ஸ்ட்" என்ற குரல் வரவில்லை. பொறி ஒரு புல் தூரின் கீழே கிடந்தது. அதன் உடம்பில் பூனை நகம் பட்ட அடையாளமே இல்லை. மூன்று கொடுக்குத் தடங்கள் இருந்தன.

சபை மறுபடி கூடியது. மயில் தொண்டையைச் செருமியது. "ஒரு கூடு போதவில்லை. இனி வாசலுக்கு இரண்டு!"

ஆட்காட்டி ஒற்றைக் கண்ணோடு நடுவில் வந்து நின்றது. அன்றுதான் அது ஓரிடத்தில் நின்றதைக் காடு பார்த்தது.

"போன தடவை நானும் வாலைத் தூக்கினேன். பொறி சாவில் எனக்கும் பங்கு உண்டு. எனக்குக் கொட்டுகிறவங்க வேண்டாம். பார்க்கிறவங்க வேணும். ஆளுக்கு ஒருநாள் அந்த மேட்டுல நின்னு பாருங்க. பிள்ளைங்க ஓடட்டும்!"

"வெறும் பார்வை எதுக்கு ஆகும்?" என்று மயில் இகழ்ந்தது. "இரண்டு கூடு வேணும்ங்கிறவங்க வாலைத் தூக்குங்க!"

பெரிய தோகை ஒன்று மட்டும் விரிந்து நின்றது. வேறு ஒரு வாலும் அசையவில்லை.

மறுநாள் கூட்டை அகற்றினார்கள். விடிந்ததும் மேட்டின் மேல் காதுகளை நிமிர்த்தி நின்றது அந்த முயல்தாய்தான்.

பிள்ளைகளை ஓடவிடாமல் பயமுறுத்தி வைக்கும் காவல், ஆபத்து வரும் நாளில் அவர்களைக் காக்காது.