வீங்காத மடி

"இன்னும் ரெண்டு நாள் பொறுத்தா போதும் மேடம். நிரூபிச்சிடலாம்" என்றார் பூவராகன்.

இருபது வருடம் கால்நடை மருத்துவராக ஊர் ஊராகச் சுற்றியவர், நாற்பத்தாறு வயதில் ஆராய்ச்சி மாணவராக வந்து சேர்ந்திருந்தார். அவருடைய ஆசிரியை இசைவாணி அவரைவிட ஆறு வயது இளையவர். அதிகம் பேச மாட்டார்.

"எதை?"

"மடிநோய் வெளியில தெரியறதுக்கு முன்னாடியே ரத்தம் காட்டிக்கொடுத்துடும்கிறதை. உடம்புல எங்கயாவது அழற்சி வந்தா ரத்தத்துல ஒரு புரதம் கூடும், சவேரியம்மாவோட செவலை ஆட்டுக்கு அது நாலு மடங்கு ஏறியிருக்கு. நேத்தும் எடுத்தேன், இன்னைக்கும் எடுத்தேன். ஏறிக்கிட்டே போகுது. உடம்புல வேற எங்கயும் புண்ணு இல்லை, சளி இல்லை."

"மடி?"

"மெத்துனு இருக்கு. பாலும் சுத்தம். அதுதான் மேடம் விசேஷம். ரெண்டு நாள்ல வீங்கும். வீங்கிட்டா என் சோதனை சரி."

இசைவாணி எழுந்தார். "வாங்க, போய்ப் பார்க்கலாம்."

கொட்டகையில் சவேரியம்மாள் செவலையைக் கறந்துகொண்டிருந்தாள். இசைவாணி ஆட்டைத் தொடவில்லை. அவளிடம்தான் கேட்டார்.

"மடி வீங்கின ஆட்டைக் கறந்திருக்கீங்களாம்மா?"

"போன வருஷம் ஒண்ணு. கை வச்சாலே கத்தும். குட்டி முட்ட வந்தா உதைச்சுத் தள்ளும். ஒரு பக்கம் கல்லாப் போச்சு. அப்புறம் அந்தக் காம்புல பாலே வரலை."

சொல்லிவிட்டு அவள் கறவையைத் தொடர்ந்தாள்.

இசைவாணி பூவராகனைப் பார்த்தார்.

"பாவம், அந்த ஆட்டுக்கு வரப்போகுதுனு யாருக்கும் முன்னாடியே தெரியலை."

அவ்வளவுதான். ஜீப்பில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பூவராகன் குனிந்து செவலையின் மடியை ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு பையைத் திறந்தார்.

"மடிக்கு மருந்து ஏத்தணும்மா."

"நல்லாத்தானே இருக்கு?"

"நோய் வரப்போகுது. நான் வந்து பார்த்துச் சொல்ற வரைக்கும் பாலை யாருக்கும் கொடுக்காதீங்க. குட்டிக்கும் வேண்டாம். கீழே ஊத்திடுங்க."

சவேரியம்மாள் அவர் முகத்தையே பார்த்தாள். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் இத்தனை வருடமாகப் பழகிய டாக்டர். ஆட்டின் கழுத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

பத்தாம் நாள் அவர் மறுபடி ரத்தம் எடுக்கப் போனார். புரதம் இறங்கியிருந்தது. மடி மெத்தென்று இருந்தது. குட்டி ஓடிவந்து முட்டியது. செவலை அசைபோட்டபடி நின்றது.

"பாலையெல்லாம் மண்ணுல ஊத்தினேன் டாக்டர்" என்றாள் சவேரியம்மாள். "கடைசியில ஒண்ணுமே வரலை பாருங்க. உங்க சோதனை பொய் சொல்லிடுச்சு."

"இனிமே பாலைக் கொடுக்கலாம்மா" என்றார் பூவராகன்.

அன்று மாலை நோட்டைக் கொண்டுபோய் இசைவாணியின் முன் வைத்தார். மடி வீங்கிய தேதிக்கான கட்டம் காலியாக இருந்தது.

"இதுல என்ன எழுதறது மேடம்?"

"என்ன பார்த்தீங்களோ, அதை."

'வீங்கவில்லை' என்று எழுதினார். பேனாவை மூடாமல் கேட்டார்.

"மருந்தாலதான் வரலையா, இல்லை வரவே போறதில்லையா? என் சோதனை சரியா தப்பானு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"இந்த ஆட்டுல இனிமே தெரியாது" என்றார் இசைவாணி. "அடுத்தது எந்த ஆடு?"