ஆளுக்கு அளவெடுத்த கதவு

நொச்சிக்காட்டுப்புதூரில் ஒரே ஒரு கேட்தான் உண்டு. அது அறுபத்திரண்டு வீடுகளில் மாட்டியிருக்கிறது. நாலடி அகலம், ஆறடி உயரம், நடுவில் பாதிச் சூரியன், மேலே ஐந்து ஈட்டி. அத்தனையும் சென்னியப்பனின் வெல்டிங் பட்டறையில் செய்தவை. பதினேழு வருஷமாக அவன் வேறொன்றும் செய்ததில்லை. வாசல் மூன்றடி இருந்தால் வீட்டுக்காரர் சுவரை இடித்துக்கொண்டார். ஐந்தடி இருந்தால் செங்கல் வைத்துக் கட்டிக்கொண்டார். சென்னியப்பனை மாற்றுவதைவிடச் சுவரை மாற்றுவது சுலபம் என்று ஊருக்குத் தெரிந்திருந்தது.

அறுபத்துமூன்றாவது வீட்டுக்காரர் டவுனில் ரெடிமேட் கேட் வாங்கி டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தார். அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் டெம்போ பிடித்தார்கள். பட்டறையில் தீப்பொறி பறப்பது நின்று போனது.

பட்டறைக் கொட்டகை சென்னியப்பனுடையதல்ல, அவன் மனைவியின் அண்ணன் காளியண்ணனுடையது. காளியண்ணன் மக்காச்சோள வியாபாரி. பெரிய உடம்பு. இடது காது பத்து வருஷமாகக் கேட்காது. அதனால் வலது காதில் எப்போதும் போன் இருக்கும். ஒருநாள் போனைக் கொஞ்சம் விலக்கிப் பிடித்துக்கொண்டு மச்சினனிடம் பேசினார். சும்மா கிடக்கிற கொட்டகையைச் சோளக் குடோன் ஆக்கப் போவதாகச் சொன்னார். சென்னியப்பனுக்கு அங்கேயே சாக்கு தைக்கிற வேலை தருவதாகவும் சொன்னார். ஊசியைக் கண்டால் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது.

அவன் கெஞ்சினான். காளியண்ணன் இளகினார்.

"சரி மாப்ள. அறுவடைச் சோளம் வந்து எறங்கறதுக்குள்ள ஒரே ஒரு ஆளு, 'இந்தப் பட்டறையில செஞ்சது எனக்குச் சரியா இருக்குது'ன்னு என் காதுல விழற மாதிரி சொல்லட்டும். கொட்டகை உனக்கே. வலது காதுல சொல்லோணும்."

அடுத்த வாரம் டவுனில் சிறுதொழில்காரர்களுக்கு ஒரு பயிற்சி முகாம் நடந்தது. சென்னியப்பன் முதல் வரிசையில் உட்கார்ந்தான். அங்கே பேச வந்த அம்மா நல்ல மாதிரி. ரெடிமேடோடு போட்டி போட்டு ஜெயிக்க முடியாது, தையல்காரரைப் பாருங்கள், வருகிற ஒவ்வொரு ஆளுக்கும் அளவெடுத்து அவருக்கென்றே தைக்கிறார், நம் பட்டறையும் அப்படி மாற வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். சென்னியப்பன் அதை நோட்டில் எழுதி மூன்று முறை அடிக்கோடு போட்டான். மூன்றாவது கோட்டில் தாள் கிழிந்தது.

பட்டறைக்குத் திரும்பியதும் கூட்டம் போட்டான். கூட்டம் என்றால் மூன்று பேர். சென்னியப்பன், வெல்டிங் வைக்கிற வெள்ளிங்கிரி, பெயின்ட் அடிக்கிற ராக்கியப்பன். வெள்ளிங்கிரிக்கு எதிலும் ஒரு முடிவு இருக்கும். ராக்கியப்பனுக்கு எதிலும் ஒரு சந்தேகம் இருக்கும். இருவரும் சேர்ந்தால் ஒரு ஆள் யோசித்த மாதிரி ஆகும் என்பது சென்னியப்பனின் கணக்கு.

முதல் காரியமாக இரும்பு டேப்பைத் தூக்கிப் பரண்மேல் போட்டார்கள். எந்தத் தையல்காரரும் இரும்பு டேப் வைத்திருப்பதில்லை. துணி டேப் ஒன்று வாங்கி வெள்ளிங்கிரி கழுத்தில் போட்டுக்கொண்டான். அன்று மத்தியானமே வெல்டிங் பொறி பட்டு டேப்பின் முனை எரிந்து, பதினாலு அங்குலம் சாம்பலானது.

"அளவு இப்பப் பதினாலுல இருந்து ஆரம்பிக்குதுங்ணா" என்றான் ராக்கியப்பன்.

"ஆரம்பிக்கட்டும். முதல் பதினாலு அங்குலம் எல்லாருக்கும் ஒண்ணாத்தான் இருக்கும்" என்றான் வெள்ளிங்கிரி.

சென்னியப்பனுக்கு இது நியாயமாகப் பட்டது.

முதல் ஆர்டர் கொடுத்தவர் அவினாசியப்பன், ரிட்டயர் ஆன பஸ் கண்டக்டர். ஒல்லியான மனிதர். மழையோ வெயிலோ, அக்குளில் குடை இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. வீட்டு முன்வாசலுக்கு ஒரு கேட் வேண்டும் என்றார். வாசலைப் பார்க்க வரச் சொன்னார். அதெல்லாம் தேவையில்லை, நீங்கள்தான் வேண்டும் என்று சென்னியப்பன் அவரைப் பட்டறைக்குள் கூட்டிப் போனான். மார்பு, இடுப்பு, கழுத்து எல்லாம் டேப்பால் அளந்தார்கள். கழுத்தே இருபத்தொன்பது அங்குலம் வந்தது. அவினாசியப்பன் பயந்துபோய் மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கழுத்தைக் காட்டிவிட்டு வந்தார்.

பிறகு ஒரு பெரிய இரும்புத் தகட்டைச் சுவரில் சாய்த்து, அவரை அதில் சாய்ந்து நிற்க வைத்து, தையல்காரர் சாக்பீஸால் சுற்றிலும் கோடு போட்டான் ராக்கியப்பன். குடையையும் சேர்த்துத்தான். கோட்டுக்கு உள்ளே இருந்ததை வெள்ளிங்கிரி வெட்டி எடுத்தான். நோட்டில் எழுதிய அளவுகள் நோட்டிலேயே பத்திரமாக இருந்தன.

கீல் வைப்பதைப் பற்றி ஒரு விவாதம் எழுந்தது.

"கீல் இல்லைன்னா எப்படிங்ணா தொறக்கறது?" என்று கேட்டான் ராக்கியப்பன்.

"சட்டை போடறவன் சட்டையத் தொறந்துட்டா உள்ள போறான்? நுழையறான்" என்றான் வெள்ளிங்கிரி.

"சட்டைக்குப் பொத்தான் இருக்குதுங்களே?"

வெள்ளிங்கிரி வெகுநேரம் யோசித்தான். கடைசியில் கேட்டின் நெஞ்சுப் பக்கம் ஐந்து போல்ட் வைத்து வெல்டிங் செய்தான். கீல் வைக்கவில்லை.

கேட்டைக் கொண்டுபோய் இரண்டு பக்கச் சுவரிலும் பதித்தார்கள். அவினாசியப்பன் உருவில் ஒரு ஓட்டை. குடையோடு போனால் கச்சிதமாக இருந்தது. பருமனான அவர் மனைவி அன்று முதல் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. தெருநாய் ஒன்று மட்டும் தினமும் போய் வந்துகொண்டிருந்தது. கண்டக்டர் அதைக் காட்டிக் கத்தினார். ராக்கியப்பன் நாயை உற்றுப் பார்த்துவிட்டு, அதற்குத் தொளதொளவென்று இருக்கிறது, அதைப் பொருத்தம் என்று சொல்ல முடியாது என்றான்.

இருந்தாலும் கண்டக்டருக்குக் கச்சிதம் கச்சிதம்தானே. சென்னியப்பன் ஓடிப்போய்க் காளியண்ணனை அழைத்து வந்தான். அன்று கோயிலில் கிடாவிருந்து. அவினாசியப்பன் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பிய நேரம். குடை போனது, தலை போனது, வயிறு நின்றுவிட்டது. இரும்பில் மாட்டியபடியே அவர் காளியண்ணனைப் பார்த்துப் பேசினார். வலது காதில் ஒவ்வொன்றும் தெளிவாக விழுந்தது. ஆனால் அவை வேறு வார்த்தைகள்.

அறுவடைக்கு ஒரு மாதம்கூட இல்லை. காட்டில் சோளம் மஞ்சள் கண்டுவிட்டது.

இரண்டாவதாக வந்தவர் செல்லாத்தாள். அவருடைய பசு கட்டுத்தறியில் நிற்பதில்லை, பக்கத்துக் காட்டுக்குள் புகுந்துவிடுகிறது. மாடு வெளியே போகாத மாதிரி தொழுவத்துக்கு ஒரு கேட் வேண்டும் என்றார்.

யாரை அளப்பது என்று மூவரும் காலையிலிருந்து பேசினார்கள்.

"ஆர்டர் குடுத்தது ஆத்தா. ஆத்தாளைத்தான் அளக்கோணும்" என்றான் ராக்கியப்பன்.

"மகனுக்குச் சட்டை தைக்க அப்பன் துணி கொண்டாந்தா, அப்பனையா அளப்பான் தையல்காரன்? போட்டுக்கிறது யாரு?" என்றான் வெள்ளிங்கிரி.

"மாடு."

"அப்ப மாட்டை அள."

மாட்டைத் தகட்டின் முன்னால் நிறுத்தினார்கள். அது முகத்தைக் காட்டி நிற்கச் சம்மதிக்கவில்லை. பக்கவாட்டில்தான் நின்றது. பக்கவாட்டிலேயே கோடு போட்டார்கள். கொம்பு, திமில், மடி, வால் எதுவும் விடவில்லை. வெள்ளிங்கிரி தன் வாழ்நாளில் செய்த மிக அழகான வேலை அதுதான். பார்த்தவர்கள் எல்லாரும் மாடு என்று சொல்லிவிட்டார்கள்.

தொழுவத்தில் பதித்த மறுநிமிஷம் பசு அந்த ஓட்டையின் வயிற்றுப் பக்கமாக நிமிர்ந்து நடந்து வெளியே போய், பக்கத்துக் காட்டில் மேய ஆரம்பித்தது.

செல்லாத்தாள் விளக்குமாற்றோடு வந்தார். சென்னியப்பன் பணிவாகத்தான் பதில் சொன்னான்.

"ஆத்தா, கேட்டுல குத்தமில்லைங்க. பக்கவாட்டுல போனா அளவெடுத்த மாதிரி இருக்கும். உங்க மாடு நேராப் போகுது."

செல்லாத்தாள் அதன்பின் சொன்னதைக் காளியண்ணன் கேட்க நேரவில்லை என்பதில் சென்னியப்பனுக்குக் கொஞ்சம் ஆறுதல். திருப்தியாக இருந்த ஒரே வாடிக்கையாளர் மாடு. அதற்கு வாய் திறந்து சொல்லத் தெரியாது.

மறுநாள் மூவரும் உட்கார்ந்து தப்பு எங்கே நடந்தது என்று ஆராய்ந்தார்கள். ஆர்டர் கொடுத்தவரை விட்டுவிட்டு வேறு ஆளை அளந்ததுதான் தப்பு என்று மதியத்துக்குள் கண்டுபிடித்தார்கள். இனி யார் ஆர்டர் கொடுக்கிறாரோ அவரைத்தான் அளப்பது என்று சென்னியப்பன் நோட்டில் எழுதினான். ஒரே ஒரு அடிக்கோடுதான் போட்டான். தாள் மிச்சமாக வேண்டும்.

அதன்பின் ஆர்டர் வரவில்லை. சோளம் அறுத்தார்கள். அடித்தார்கள். மூட்டை பிடிக்கத் தொடங்கினார்கள்.

ஒரு காலையில் காளியண்ணன் வந்தார். வலது காதில் போன், இடது கை இடுப்பில்.

"யாரும் சொல்லல மாப்ள. நான் என்ன பண்றது? வெள்ளிக்கெழமை லாரி வருது. இந்த ஷட்டர் துருப்பிடிச்சுக் கெடக்குது. கடைசியா இந்தக் குடோனுக்கு ஒரு கதவு செஞ்சு மாட்டிக் குடுத்துட்டு, சாக்கு ஊசி வாங்கிக்க" என்றார். சொல்லிவிட்டு, போனில் யாரிடமோ ஈரப்பதத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

சென்னியப்பனின் காதில் பாதிதான் ஏறியது. ஆர்டர் வந்திருக்கிறது. கண்ணைக் காட்டினான். மற்ற இருவரும் சத்தமில்லாமல் தகட்டைத் தூக்கிவந்து காளியண்ணனின் முதுகுக்குப் பின்னால் சாய்த்தார்கள். அவர் பேசிக்கொண்டே அதில் சாய்ந்துகொண்டார். ராக்கியப்பன் கோடு போட்டான். காதருகே தூக்கிய வலது முழங்கை, இடுப்பில் ஊன்றிய இடது முழங்கை, தொந்தி, அகட்டி வைத்த இரண்டு கால், எதையும் விடவில்லை. கால்களுக்கு நடுவே முழங்கால் உயரத்துக்குத் தகடு அப்படியே நின்றது. அது அவருடைய கால் இல்லை என்பதால் அதை வெட்ட வெள்ளிங்கிரிக்கு மனம் வரவில்லை.

ஷட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, கொட்டகை வாசல் முழுவதையும் தகட்டால் அடைத்தார்கள். நடுவில் காளியண்ணன்.

ராக்கியப்பன் நுழைந்து பார்த்துவிட்டு முகம் வாடினான். "நானும் போறனுங்ணா. எல்லாருமே போவாங்க."

"தொளதொளன்னு இருக்குதல்ல?" என்றான் வெள்ளிங்கிரி.

"இருக்குது."

"அப்பறம் என்ன?"

வெள்ளிக்கிழமை லாரி வந்து நின்றது. முன்சீட்டிலிருந்து காளியண்ணன் போன் பேசியபடியே இறங்கினார். இடது கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக நடந்து வந்தார். கால் இரண்டும் நடுத் தகட்டுக்கு இரண்டு பக்கமும் நுழைந்தன. தொந்தி தொந்தியில் பொருந்தியது. முழங்கைகள் இரண்டும் தத்தம் இடத்துக்குப் போயின. எங்கும் உரசவில்லை. உள்ளே போய் நின்று, பேச்சை முடித்து, போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, திரும்பிப் பார்த்தார்.

பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏன் மாப்ள, எனக்குச் சரியா இருக்குது. மூட்டைக்கு?"

வெள்ளிங்கிரி கழுத்திலிருந்த டேப்பைக் கழற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"மச்சான், இப்ப என்ன சொன்னீங்க?" என்று கேட்டான் சென்னியப்பன்.

காளியண்ணன் யோசித்துப் பார்த்தார். தான் சொன்னது தன் வலது காதில் விழுந்திருந்தது. வாய்ச்சொல்லை வைத்தே வியாபாரம் செய்கிறவர், மறுக்கவில்லை. சுமைக்காரர்கள் தலையில் மூட்டையோடு வந்து பார்த்தார்கள், மேலே இடித்தது. இழுத்துப் பார்த்தார்கள், கீழே காலிடுக்குத் தகடு மறித்தது. லாரியை வேறு குடோனுக்குத் திருப்பச் சொல்லிவிட்டு, கொட்டகை உனக்கே மாப்ள என்று காளியண்ணன் உள்ளேயிருந்தபடியே சொன்னார்.

பிறகு மறுபடியும் போனை வலது காதில் வைத்து, இடது கையை இடுப்பில் ஊன்றி வெளியே வரப் புறப்பட்டார். வர முடியவில்லை.

மூவரும் கிட்டே போய்ப் பார்த்தார்கள். உள்ளே போகும்போது வலப்பக்கம் இருந்த மேல் முழங்கை ஓட்டை, வெளியே வரும்போது இடப்பக்கம் இருந்தது.

"போனை இடது காதுல வெச்சாச் சரியாப் போகுங்" என்றான் ராக்கியப்பன்.

"இடது காது கேக்காதே" என்றார் காளியண்ணன்.

கடைசியில் வெள்ளிங்கிரிதான் விளங்கவைத்தான். இது உள்ளே போகிற கதவு. ஆர்டர் அதற்குத்தான் வந்தது. வெளியே வருவதற்குத் தனியாக அளவெடுக்க வேண்டும்.

காளியண்ணனுக்கும் அது சரியென்று பட்டது. சென்னியப்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கொட்டகை கிடைத்த கையோடு அடுத்த ஆர்டரும் வந்துவிட்டது. டேப்போடும் சாக்பீஸோடும் மூவரும் உள்ளே போனார்கள். காளியண்ணனைச் சுவரோரமாக நிறுத்தி, சென்னியப்பன் நோட்டைத் திறந்தான்.

"மச்சான், வெளிய வர்றப்ப போன் பேசிட்டு வருவீங்களா, சும்மா வருவீங்களா?"

காளியண்ணன் போனை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"அது யாராவது கூப்பிடறதைப் பொறுத்து" என்றார்.

சென்னியப்பன் தலையாட்டிவிட்டு எழுதினான்: வெளியே வர இரண்டு கதவு. ஒன்று போன் வந்தால், ஒன்று வராவிட்டால்.