மலையுச்சி உலை

பனி மூடிய மலை ஒன்று உச்சியில் புகைந்துகொண்டிருந்தது. அடிவாரத்தில் ஒரு கழுதைக் கூட்டம் பசியோடு நின்றது. மழை பொய்த்த ஊரைவிட்டுப் புல் தேடிக் கிளம்பிய கூட்டம் அது. வழிகாட்ட வந்தது ஒரு நரி.

"நிமிர்ந்து பாருங்க! புகை தெரியுதா? உச்சியில உலை கொதிக்குது!" என்றது நரி.

அந்தக் கழுதைகள் சத்திரத்துக்கு அரிசி சுமந்தவை. உலை என்றால் சோறு. சோறு என்றால் தொட்டி நிறையக் கஞ்சி. வேறு எதுவும் அவற்றுக்குத் தோன்றவில்லை.

கூட்டத்தில் செவத்தி என்ற கழுதைக்கு மட்டும் சந்தேகம் வந்தது. அவள் ஒரு கோடை முழுவதும் கொல்லன் பட்டறைக்குக் கரி சுமந்தவள். அங்கேயும் உலை உண்டு. அதில் இரும்பே பழுத்துக் குழையும். மலைக்குள் கேட்ட உறுமல் அந்த உலையின் உறுமல்.

சொல்லிவிட வாயைத் திறந்தாள். அதற்குள் நரி அருகில் வந்து குழைந்தது.

"செவத்தியம்மா, நீங்கதான் முன்னால நடக்கணும். உங்க தடத்தைப் பார்த்துத்தான் மத்தவங்க வருவாங்க. முதல் தொட்டி உங்களுக்கு!"

பிறந்ததிலிருந்து அவளை யாரும் 'நீங்க' என்றதில்லை. திறந்த வாய் மூடிக்கொண்டது.

கழுதைகள் ஏறின. கால்கள் பனியில் புதைந்தன. விழுந்தவற்றைத் தூக்கிவிடுவதாகச் சொல்லி நரி பின்தங்கும். திரும்பி வரும்போது அதன் வாய் சிவந்திருக்கும். விழுந்தவை திரும்பி வரமாட்டா. அதையும் செவத்தி பார்த்தாள்.

தங்கை குட்டச்சி மூச்சிரைக்க நெருங்கினாள். "அக்கா, மூக்கு எரியுது. இது சோத்து உலைதானே?"

"ஆமாடி, பேசாம வா."

"நீ சொன்னா சரிதான்!"

உச்சிக்குச் சற்றுக் கீழே ஓரிடத்தில் பனியே இல்லை. கறுத்த தரை கதகதவென்று இருந்தது.

"அடுப்படி வந்தாச்சு!" என்று குட்டச்சி துள்ளி ஓடினாள். மற்றவையும் ஓடின. தரை அப்பளம்போல் நொறுங்கியது.

"கொல்லன் உலை! ஓடாதீங்க!" என்று செவத்தி அலறினாள். மலை அவளைவிடப் பெரிதாக அலறியது. குட்டச்சி நின்ற இடத்தில் நெருப்பு எழுந்தது. வெள்ளைச் சாம்பல் கொட்டியது.

செவத்தி மட்டும் உருண்டு புரண்டு அடிவாரம் சேர்ந்தாள். நரி அவளுக்கு முன்பே அங்கே வந்திருந்தது. அதைச் சுற்றி இன்னொரு கழுதைக் கூட்டம், அதே பசியோடு.

"போகாதீங்க! அது சோத்து உலை இல்ல, கொல்லன் உலை! என் தங்கச்சி வெந்துட்டா!"

கூட்டத்தின் தலைவி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "வாயெல்லாம் வெள்ளையா கஞ்சி ஒட்டியிருக்கு. மூக்கு முட்டத் தின்னுட்டு வந்து எங்களை விரட்டுறியா?"

"சாம்பல்! நக்கிப் பாருங்க!"

"உன் எச்சிலை நாங்க நக்கணுமா?" கூட்டம் சிரித்தது.

நரி அமைதியாக மலைச்சரிவைக் காட்டியது. "பனியில தடம் தெரியுதா? முன்னால நடந்தது இந்தம்மாதான். ஆபத்துன்னா இவ ஏறியிருப்பாளா?"

கழுதைகள் செவத்தியின் தடத்தில் ஒவ்வொன்றாகக் காலை வைத்து ஏறத் தொடங்கின.

உண்மையைச் சொல்ல வேண்டிய நேரத்தில் மூடிக்கொண்ட வாய் பிறகு எவ்வளவு கதறினாலும் எவரும் நம்பமாட்டார்கள்.