பழைய செங்கலுக்குத் தடை

வெண்பாறைச் சீமையை ஆண்ட கொற்றவேல் மன்னருக்கு அருமையான குணம் ஒன்று உண்டு. கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் சொன்னதுதான் அவருக்குச் சரி. அதனால் முதல் மந்திரியான பிரதானி அம்பலவாணர் எந்த விஷயத்திலும் கடைசியாகத்தான் வாயைத் திறப்பார்.

மன்னரின் பாட்டனார் கட்டிய அந்தப்புரம் ஒழுக ஆரம்பித்ததால் இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் ஒரு நந்தவனம், நடுவே ஒரு மண்டபம் என்று மன்னருக்கு ஆசை. இடித்த செங்கல் குன்றுபோல் குவிந்து கிடந்தது. அரசவையில் விகடம் பேசுவதற்கென்றே சம்பளம் வாங்கும் சீராளன் அதில் இரண்டு கல்லை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தான். கணீரென்றது.

"மன்னா, இந்தக் கல்லையே வைத்துக் கட்டிவிடலாம். சுண்ணாம்புக் காரை லேசாகத் தட்டினாலே உதிர்கிறது. கல்லில் ஒரு கீறல் இல்லை" என்றான்.

மன்னர் தலையாட்டினார். பிரதானி தொண்டையைக் கனைத்தார்.

"தாராளமாகக் கட்டலாம். பக்கத்து நாட்டு ராஜாக்கள் வந்து பார்த்து, 'ஐயோ பாவம், வெண்பாறையில் மண்ணுக்குக்கூடவா பஞ்சம்' என்று உச்சுக் கொட்டுவார்கள். என் மைத்துனன் செங்கல் சூளை வைத்திருக்கிறான். அவனுக்கு இதில் துளி ஆசை கிடையாது. மன்னரின் கௌரவத்துக்காகச் சிரமப்படுவான். ஏரிக்கரை இலுப்பைத் தோப்பை மட்டும் விறகுக்குக் கொடுத்தால் போதும்."

ஊர் விளக்கெல்லாம் எரிவது அந்தத் தோப்பின் எண்ணெயில்தான். சீராளன் அதைச் சொல்வதற்குள் மன்னர் எழுந்துவிட்டார்.

"பழையது எதுவும் என் நந்தவனத்து வாசலைத் தாண்டக் கூடாது. இது ஆணை! சீராளா, அடிக்கல் நாட்டும் கால்கோள் விழாவன்று வாசலில் நீதான் காவல். பழசு ஏதாவது உள்ளே நுழைந்தது என்று கேள்விப்பட்டால் நீ நாட்டை விட்டே போய்விடு."

விழா நாளும் வந்தது. சடங்கு முடிந்ததும் தோப்பில் வெட்டு ஆரம்பிக்க, ஆட்கள் கோடாரியோடு தயாராக நின்றார்கள். சீராளன் வாசலில் குறுக்கே கம்பை நீட்டிக்கொண்டு நின்றான்.

முதலில் ஆஸ்தானப் புலவர் வந்தார்.

"பாட்டு புதுசா, புலவரே?"

"நேற்றுத்தான் கட்டினேன்."

"மன்னரின் தகப்பனாருக்கு நீங்கள் பாடியதும் இதேதானே? பெயரை மட்டும் பெயர்த்து எடுத்துவிட்டு இவர் பெயரை வைத்துப் பூசியிருக்கிறீர்கள். பழைய கல்லைத் திருப்பிக் கட்டினால் கேவலம், பழைய பாட்டைத் திருப்பிக் கட்டினால் பொற்கிழியா? ஓரமாக நில்லுங்கள்."

அடுத்து பிரதானி. "விலகு!"

"தங்களுக்கு என்ன வயது, ஐயா?"

"எழுபது. அதற்கென்ன?"

"இடித்த அந்தப்புரம் கட்டும்போது தாங்கள் வேட்டி கட்டிய ஆளாம். அப்படியானால் அந்தச் செங்கல்லுக்குத் தாங்கள் மூத்தவர். காலைத் தொட்டுக் கும்பிடுகிறேன். உள்ளே மட்டும் விட முடியாது."

பிரதானி பற்களை நறநறவென்று கடித்தார். அதற்குள் மேளதாளத்தோடு மன்னரே வந்துவிட்டார். பின்னால் எட்டுப் பேர் சிம்மாசனத்தைச் சுமந்து வந்தார்கள்.

"சிம்மாசனம் எந்தக் காலத்தது, மன்னா?"

"என் கொள்ளுப்பாட்டனார் காலத்தது."

"வெளியே இருக்கட்டும். உடைவாள்?"

"அதுவும்தான்."

"அதுவும் வெளியே. கிரீடம்?"

உட்கார இடமில்லாமல், வெறுந்தலையோடு மன்னர் வெயிலில் நின்றார். முகம் சிவந்தது. "அடேய், என் வம்சமே பழைய வம்சமடா!"

"அதுதான் எனக்கும் கவலை, மன்னா. ஆணையில் யாருக்கும் விலக்குச் சொல்லவில்லையே."

வாய்தான் துணிச்சலாகப் பேசியது. இன்று ராத்திரி எந்த நாட்டில் சாப்பாடோ என்று சீராளன் நினைத்துக்கொண்டான்.

மன்னர் அவனை முறைத்துப் பார்த்தார். "அப்படியானால் உள்ளே போக யோக்கியதை உள்ளவன் யாரடா?"

"பிரதானியாரின் மைத்துனர் ஒருவர்தான், மன்னா. தோப்பு கைக்கு வந்ததும் இந்தச் சீமையிலேயே ஆகப் புதிய பணக்காரர் அவர்தான்."

மன்னரின் தொப்பை குலுங்கியது. சிரிப்பு அடங்கியதும் கோடாரிக்காரர்களை வீட்டுக்குப் போகச் சொன்னார். மண்டபத்தைச் சீராளனின் மேற்பார்வையில் பழைய கல்லாலேயே கட்ட உத்தரவிட்டார்.

சீராளன் கொத்தனார்களோடு உட்கார்ந்து கல்லைப் பிரித்தான். நன்றாக வெந்து விளிம்பு மழுங்காத கல் மண்டபத்துச் சுவருக்குப் போயிற்று. சூளையில் முறுகிக் கறுத்துக் கோணிய கல்லைத் தண்ணீர் சீண்டாது. அது அஸ்திவாரத்துக்கும் வாய்க்காலுக்கும். மூக்கு உடைந்த கல்லைப் பக்கவாட்டில் நிறுத்திப் பதித்துப் பூச்செடிகளுக்கு நடுவே நடைபாதை போட்டார்கள். ஒன்றுக்கும் உதவாத துண்டுகளைக்கூட விடவில்லை. சுண்ணாம்போடு சேர்த்து இடித்து மேல்தளத்தில் கொட்டினார்கள்.

திறப்பு விழாவில் எல்லோரும் வாயாரப் புகழ, பிரதானி மட்டும் சுவர் சுவராகக் குற்றம் தேடினார். கடைசியில், மண்டபத்து உள்மூலையில் வெளிறிப்போன கல்லால் கட்டிய ஒரு மாடத்தைக் கண்டுபிடித்தார். நகத்தால் சுரண்டினார். பொலபொலவென்று உதிர்ந்தது.

"பார்த்தீர்களா மன்னா! அரைவேக்காட்டுக் கல்! ஒரு மழைக்குத் தாங்காது. இதைத் தூக்கி எறியாமல் எதற்கடா உள்ளே வைத்தாய்?"

சீராளன் பணிவாகக் கைகட்டினான். "எறிவானேன், ஐயா? வெயில் மழை படாமல், எந்தப் பாரமும் ஏற்றாமல், உள்ளே நிழலில் வைத்துவிட்டால் அரைவேக்காடும் அதுபாட்டுக்குக் காலம் தள்ளும். இது என் சொந்த யோசனை இல்லை. மன்னர் சபை நடத்துகிற முறையைப் பார்த்துக் கற்றுக்கொண்டது."

மன்னர் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் விரல் மோதிரத்தைக் கழற்றிச் சீராளனுக்குப் போட்டார். பிரதானியும் சிரித்தார். மன்னர் சிரிக்கும்போது சிரிப்பதுதானே அவர் உத்தியோகம்!